ஏழாவது யாரு

பாட்டு திரும்பி வரவில்லை. ஆள் வந்துவிட்டான், பாட்டு வரவில்லை. கோளாறு அவ்வளவுதான்.

புரியாதவர்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன். மறுதடவை கேட்கக் கூடாது. எங்கள் கள்ளிவிளையில் கபடி ஆடுகிறவன் 'கபடி கபடி' என்று முனகிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனால் கோழிகூடச் சிரிக்கும். இங்கே பாடித்தான் போக வேண்டும். ஒரே மூச்சு, ஒரே பாட்டு. எதிராளியைத் தொட்டுவிட்டு மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படி ஒரு தடவை போய்வருவது ஒரு ஏற்றம். இறுதிப் போட்டியின் கடைசி ஏற்றத்துக்கு மட்டும் தனி முறை உண்டு: போகிறவன் தன் அணியின் ஏழு பேரையும் பேர் சொல்லிப் பாட வேண்டும். பேர்ப்பாட்டு என்போம். ஆளும் பாட்டும் சேர்ந்து போய், சேர்ந்து திரும்ப வேண்டும். ஆள் மட்டும் வந்தால் செல்லாது. என் தாத்தாவுக்கும் முந்திய விதி. எதற்கு அப்படி எழுதி வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஆளை விட்டுவிட்டுப் பாட்டு தனியாக எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தோம்.

நான் நடுவர். விசில் என் கழுத்தில்.

ஊருக்குத் தெற்கே, செம்மணல் தேரி தொடங்குகிற இடத்தில், பனைகளுக்கு நடுவே சண்முகக்கனியின் வீடு. பக்கத்தில் வேறு வீடு கிடையாது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆளும் கிடையாது, ஆகையால் அவள் பெற்ற பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர்தான் ஆட வேண்டியிருந்தது. காலையில் பல் தேய்க்கும்போதே ஒருவன் காலை ஒருவன் வாரிவிடுவான், சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை நாலு பேர் கைகோத்து வளைப்பார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் மணலில் உருண்ட தடம் கிடக்கும், எந்தத் தடம் எவனுடையது என்று ஆடு மேய்க்கிறவன்கூடச் சொல்லுவான். மொத்தம் ஏழு. முதல் ஆறும் ஆண். மூத்தவன் கொம்பையா, மினிபஸ் கண்டக்டர். அவன் தேரிமுனையில் "போலாம் ரைட்" என்று கத்தினால் ஊருக்குள் சோறு வடிக்கிறவள் கொடியில் காயும் சேலையை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள், அப்படிக் குரல். ஏழாவது பெண்.

ஏழு பேருக்கும் பாட்டுக் கட்டியவள் அந்தக் கடைக்குட்டிதான். எழுதமாட்டாள். அண்ணன்மார் மணலில் புரளும்போது ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வாயிலேயே கட்டுவாள், பிடிக்கவில்லையென்றால் ஒரு பிடி மணலை எடுத்து வீசிவிட்டு வேறு கட்டுவாள், பிறகு எழுந்து போய் எல்லோரையும் போலக் காலை வாருவாள். கணுக்கால் பிடியில் அவளை மிஞ்ச அந்த வீட்டில் ஆளில்லை. அந்த வீட்டில் இல்லையென்றால் இந்த வட்டாரத்திலேயே இல்லை.

ஆனால் போட்டிக்கு ஆறு பேர் போதாது. வருஷா வருஷம் ஊருக்குள் இருக்கிற மச்சான், பஸ் டிரைவர் என்று ஒருத்தனை இரவல் வாங்குவார்கள். இரவல்காரன் கைகோக்கத் தெரியாமல் சங்கிலியை அறுப்பான், தோற்பார்கள். இந்த வருஷம் இரவல் வாங்கவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துச் சித்தி மகன் சுடலை என்று ஒல்லியாக ஒருவனைக் கூட்டிவந்தார்கள். தலையில் இறுக்கக் கட்டிய துண்டு, தொளதொளவென்று அண்ணன் சட்டை, யாரோடும் பேச்சில்லை. அவள்தான் அது. கடைசிவரை மூடிவைத்திருந்து உங்களை வாய் பிளக்க வைக்கிற வேலை எனக்கு ஆகாது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். பேரை மட்டும் சொல்லவில்லை. அது பாட்டில் எங்கே வருமோ அங்கேதான் வரும்.

போட்டிக்குக் கட்டின பேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்பை கொடுப்பவர் அரிசி ஆலை வைத்திருக்கும் தங்கபாண்டியன். பேனர் அடித்தவன் அவருடைய படத்தை மீசையோடு நட்டநடுவில் வைக்கப்போய், 'ஆடவர்' என்ற சொல் இரண்டாகப் பிளந்து, மீசைக்கு அந்தப் பக்கம் 'ஆட', இந்தப் பக்கம் 'வர்' என்று நின்றது. மாபெரும் ஆட — மீசை — வர் கபடிப் போட்டி. "தமிழைக் கொன்னுட்டியேலே" என்று அவனைத் திட்டினேன். "அண்ணாச்சி, மொதலாளி மீசையை வெட்டவா முடியும்?" என்றான். விட்டுவிட்டேன்.

இறுதிப் போட்டியில் எதிரணி புன்னைத்துறை. மீன்பிடிக்கிற பிள்ளைகள், வலை இழுத்த கை. அணித்தலைவன் செலஸ்டின் ஒருவனைப் பிடித்தால் நங்கூரம் போட்ட மாதிரி. பொழுது சாயும்போது கள்ளிவிளை ஒரு புள்ளி பின்னால். கடைசி ஏற்றம். கொம்பையா மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேர்ப்பாட்டை எடுத்தான்.

கொம்பையா மூத்தவன்டா கோட்டை கட்டி நிப்பவன்டா
வைகுண்டம் ரெண்டாவது வாசல்வழி விடமாட்டான்
சிவனணைஞ்சான் மூணாவது சிக்கினவன் போகமாட்டான்
பட்டுராஜு நாலாவது பாஞ்சான்னா பத்து மொழம்
லிங்கம் அஞ்சாவது லேசில வுழமாட்டான்
பேச்சிமுத்து ஆறாவது பேசாமப் புடிச்சிருவான்
ஏழாவது யாரு...

அதற்குள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டான். திரும்பினான். ஏழாவதாக அவன் 'சுடலை' என்று பாட வேண்டும். அப்படித்தான் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் தங்கச்சி கட்டின பாட்டில், தங்கச்சி பேர் இருந்த இடத்தில், இல்லாத சித்தியின் இல்லாத மகன் பேரைச் சொல்ல அவன் நாக்கு எழவில்லை. உள்ளபடி சொன்னால் கோப்பை போச்சு. "ஏழாவது யாரு" என்று இழுத்தபடியே பாய்ந்து கட்டைவிரலால் நடுக்கோட்டைத் தொட்டு வாயை மூடினான்.

பாட்டு மூடவில்லை.

எதிர்க்களத்தின் வலது மூலையில், அவன் திரும்பின இடத்தில், ஆள் உயரத்துக்கு, கொம்பையாவின் குரலிலேயே அது தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஏழாவது யாரு, ஏழாவது யாரு என்று இரண்டு தரம் கேட்டது, பதில் வராமல் போகவே முதலிலிருந்து கொம்பையா மூத்தவன்டா என்று எடுத்தது. இந்தப் பக்கம் கொம்பையா வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை.

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன்.

"ஆள் வந்துட்டான். பாட்டு வரல. ஆட்டம் முடியல," என்றேன்.

"அப்ப நாங்க வீட்டுக்குப் போலாமா அண்ணாச்சி?" என்றான் செலஸ்டின்.

"போ. நாளைக்கு வந்து இதே எடத்துல நில்லு."

வந்தார்கள். புன்னைத்துறைக்காரர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். தினமும் பொழுது சாயும்முன் மினிபஸ்ஸில் வந்து இறங்கி அவரவர் இடத்தில் நின்றார்கள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, மூலையில் பாட்டு, நடுவில் நான். பாட்டு அசையாது. இருட்டியதும் கலைவோம். சும்மா நிற்க வெட்கப்பட்டு மீன் கொண்டுவர ஆரம்பித்தார்கள், சும்மா வாங்க வெட்கப்பட்டு எங்கள் பெண்கள் பதநீரும் நுங்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள், கொஞ்ச நாளில் எந்தப் பக்கத்துக்காரன் எந்தப் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறான் என்று எனக்கே குழம்பிப்போனது. தொடப்பட்ட அந்த இரண்டு பேர் பாடுதான் திண்டாட்டம். அவுட்டும் இல்லை, ஆட்டத்திலும் இல்லை. அதில் ஒருவனுக்கு மாமியார் கட்டளை போட்டுவிட்டாள்: "நீரு உள்ளவா வெளியவான்னு தெரியாம கடலுக்குப் போவக்கூடாது, மருமவனே." அவன் கரையில் உட்கார்ந்து வலை பின்னிப் பின்னி, ஊருக்கே வலை மிச்சமானது.

பாட்டு எப்படி அங்கே நின்றது என்று நான் ஆராயவில்லை. ஆராய வந்தவர்கள் வந்தார்கள். மின்வாரியத்து லைன்மேன் வந்து மேலே பார்த்து "வயர் எதுவும் இல்லியே" என்றான். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்து நின்று கேட்டார். பாட்டில் அம்மன் பேர் வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை, போய்விட்டார். பங்குச்சாமியார் புன்னைத்துறையிலிருந்து பைக்கில் வந்து, "இது நம்ம இலாகா இல்ல" என்று சொல்லி நுங்கு தின்றுவிட்டுப் போனார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

ஊர் தன் பாட்டுக்கு இருக்கக் கற்றுக்கொண்டது, அல்லது அதன் பாட்டுக்கு. கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் அடுப்பைக் களத்தோரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கொம்பையாவில் அடுப்பேற்றி லிங்கம் வருகிறவரை கிண்டினால் பாகு கம்பிப் பதம், பேச்சிமுத்துவரை விட்டால் அடிப்பிடிக்கும். தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மூலைக்கு நேராகத் தொட்டில் கட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் அம்மா என்று சொல்லும்முன் வைகுண்டம் என்றன. ஆடுகள் பாட்டைச் சுற்றி வட்டமாகப் போகப் பழகின, அந்த வட்டத்தில் புல் முளைத்தது, புல்லுக்காகவே ஆடுகள் திரும்ப வந்தன. பொய் சொல்லிக் கடன் கேட்கிற ஒருவன், பாட்டு கேட்கிற தூரத்தில் நின்று பேசினால் நாக்குப் புரளவில்லை என்று டீக்கடைக்கு அந்தப் பக்கம் இடம் மாறினான்.

அப்புறம் அந்தக் கேள்வி. ஏழாவது யாரு, ஏழாவது யாரு என்று ஒருத்தன் நாள் முழுக்கக் கேட்டால் நம்ம ஆள் சும்மா இருப்பானா? தங்கபாண்டியன் சலவை வேட்டியோடு வந்து, "தங்கபாண்டியன்!" என்று மீசையை நீவிக்கொண்டு சொன்னார். ஏழாவது யாரு என்றது. "அரிசி ஆலை தங்கபாண்டியன்!" அதே ராகத்தில் ஏழாவது யாரு. பஞ்சாயத்துத் தலைவர் தன் பேரைச் சொன்னார், டெய்லர் தன் கடைப் பேரோடு சேர்த்துச் சொன்னார், அரசியல்காரன் தலைவன் பேரைச் சொன்னான். எதுவும் ஏறவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் புருஷன் பேரை வாயால் சொல்லாத செல்லக்கிளி, ஊர் கேட்க நின்று அவர் பேரை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கூவினாள், கூடவே இரண்டு வசவும் வைத்தாள். "பாட்டுக்காகத்தானே சொன்னேன்" என்றாள் வீட்டில். முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

கோட்டுக்கு வெளியே நின்று எவன் கத்தினாலும் எடுபடாது என்று எனக்குத் தெரியும். களத்துக்குள் அவுட்டாகாமல் உயிரோடு இருக்கிற ஆட்டக்காரன் சொன்னால்தான் செல்லும். விதி. கேட்டவனுக்குச் சொல்லியிருப்பேன். எவனும் கேட்கவில்லை.

சண்முகக்கனியின் வீட்டில் அது தெரியும்.

கொம்பையா வீட்டில் விசிலால் பேசினான். கண்டக்டர் விசில். ஒன்று ஊதினால் இல்லை, இரண்டு ஊதினால் சரி. பஸ்ஸில் பயணிகளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அவர்களுக்கு வேண்டியது அந்த இரண்டுதான். ஆனால் தேரிமுனையில் நின்று அவன் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், மீன் கரையில் திறக்கிற மாதிரி இருந்தது என்று. யாரும் சேலையை எடுத்துக்கொண்டு ஓடிவரவில்லை. பஸ் பாதிக் காலியாகவே போனது. முதலாளி வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு.

தங்கச்சி தினமும் சோற்றுக்கு உட்காரும்போது கேட்டாள்.

"அண்ணே, நான் போயிக் கூட்டியாரட்டா?"

"ஏட்டி, நீ வாயத் தொறந்தா கப்பு போச்சு," என்றான் வைகுண்டம்.

"கப்பு பேசுமா?"

"நம்ம அய்யா காலத்துலேருந்து கேக்கோம் அந்தக் கப்ப. இப்ப ரெண்டு புள்ளி கையில கெடக்கு. காத்திருப்போம். அதுவே தானா வரும்."

"தானா வருமா? நான் கட்டுனது. எனக்குத் தெரியாதா? பேரு இல்லாம அது வராது."

எல்லோரும் கொம்பையாவைப் பார்ப்பார்கள். தன் குரலுக்காகத் தம்பிமார் கோப்பையை இழப்பதா என்று அவன் ஒரு தரம் ஊதுவான். இல்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். போகிற போக்கில் ஒருவன் காலை வாருவாள். அவன் தட்டோடு விழுவான். அதோடு அன்றைய பேச்சு முடியும்.

பிறகு ஆடி பிறந்தது.

தேரிக்காட்டில் ஆடிக்காற்று என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அது மணல்மேட்டையே தூக்கி வேறு இடத்தில் வைக்கும், நேற்று ஏறி இறங்கின மேடு இன்று பள்ளமாக இருக்கும், கதவைச் சாத்தினாலும் குழம்பில் செம்மண் இருக்கும். அந்தக் காற்று பேனரைக் கிழித்தது. மீசையை முழுசாகக் கொண்டுபோனது. 'ஆட' ஒரு கம்பத்திலும் 'வர்' ஒரு கம்பத்திலும் படபடத்தன. பிறகு காற்று பாட்டைத் தின்ன ஆரம்பித்தது.

முதலில் ஓரம் தேய்ந்தது. பத்து மொழம் எட்டு மொழம் மாதிரிக் கேட்டது. கோட்டை போய் வெறும் கட்டி நின்றது. பட்டுராஜில் பட்டு உதிர்ந்து ராஜு மட்டும் வந்தது. அன்று பட்டுராஜை அவன் பெண்டாட்டியே "ஏங்க, ராஜு" என்று கூப்பிட்டுவிட்டு எதையோ தொலைத்த மாதிரி நின்றாள். பாகு காய்ச்சுகிறவர்களுக்குப் பதம் தப்பியது. தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொண்டன. கொம்பையா களத்தில் தன் இடத்தில் நின்று தொண்டையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு சொல் உதிரும்போதும் விழுங்கினான். அந்தப் பாட்டு முழுக்கத் தேய்ந்துபோனால் அவனுக்குத் திரும்பிவர ஒன்றுமிருக்காது. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எதிர்க்களத்தில் நின்ற செலஸ்டினுக்கே தெரிந்திருந்தது. "அண்ணாச்சி, இந்த மூலைய நாங்க சாக்குக் கட்டி மறச்சிரட்டா?" என்று கேட்டான். கட்டினார்கள். சாக்கையும் கொண்டுபோனது காற்று.

கடைசியில் 'யாரு, யாரு' மட்டும் மிஞ்சின சாயங்காலம், சண்முகக்கனி களத்துக்கு வந்தாள். அதுவரை வராதவள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மணல் காற்றில் கோட்டோரம் வந்து நின்றாள், பிள்ளைகள் வரிசையைப் பார்த்தாள்.

"ஏழு பெத்தேன்," என்றாள். "அந்த ஏழுல ஒண்ணு குறைச்சுப் பாடுனா பாட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வரும்? ஆறு பேரச் சொன்ன வாயிக்கு ஏழாவது கசந்திச்சோ? நான் அத என்ன, கொசுறாவா வாங்கியாந்தேன்?"

ஊர் அந்த வரிசையை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தது. தங்கபாண்டியன் மட்டும் பக்கத்திலிருந்தவனிடம் "என்னடே சொல்லுதா?" என்று கேட்டார்.

ஏழாவது இடத்தில் நின்ற ஒல்லிப் பையன் தலைத்துண்டை அவிழ்த்தான். பின்னல் இடுப்புவரை விழுந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணே. போவட்டா?"

கொம்பையா அம்மாவைப் பார்த்தான். மூலையைப் பார்த்தான், அங்கே 'யா' வரவில்லை, 'ரு' மட்டும் வந்தது. சட்டைப் பையிலிருந்து கண்டக்டர் விசிலை எடுத்தான்.

இரண்டு தரம் ஊதினான்.

களத்தில் என் விசிலைத் தவிர வேறு விசில் ஊதுவது தப்பு. காதில் விழாத மாதிரி நின்றேன்.

அவள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினாள். புன்னைத்துறைப் பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி," என்றான் செலஸ்டின், "இந்தப் புள்ளையப் புடிக்கலாமா?"

"ஆட்டம் நடக்குது. என்ன கேள்வி?"

அவளே சொன்னாள். "புடிங்கண்ணே. புடிக்காம விட்டீங்கன்னா நாளப்பின்ன மீன் வாங்க மாட்டோம்."

அப்புறம் அவள் மூச்சு இழுத்தாள். அந்த மூச்சைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆடிக்காற்றே ஒரு கணம் அவளுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறேன், பனை ஓலை ஒன்றும் அசையவில்லை. மூலைக்குப் போய் அந்தத் தேய்ந்த 'ரு'வை வாயோரத்தில் பிடித்துக்கொண்டு கொம்பையா மூத்தவன்டா என்று முதலிலிருந்து எடுத்தாள். உதிர்ந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், அவள் கட்டினதுதானே. கோட்டையைத் திரும்பக் கட்டினாள், பட்டுராஜுக்குப் பட்டைத் திரும்ப உடுத்தினாள், குறைந்த இரண்டு மொழத்தையும் அளந்து போட்டாள். மூன்றாவதில் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தான், நாலாவதில் இன்னொருவன் பிடித்தான், அஞ்சாவதில் லிங்கம் லேசில் விழமாட்டான் என்று பாடிக்கொண்டே விழுந்தாள், விழுந்த இடத்தில் செலஸ்டின் கணுக்காலில் நங்கூரம் போட்டான், அவன்மேல் ஒருவன், இவன்மேல் ஒருவன், மீனைப் பிடித்த வலை மாதிரி ஒரே மனிதக் குவியல், அதற்கு அடியிலிருந்து பேச்சிமுத்து ஆறாவது என்று பாட்டு வந்துகொண்டிருந்தது. மூச்சு அறவில்லை. குவியல் நகர்ந்தது. ஒரு சாண், ஒரு முழம், முட்டியால் மணலை உழுதுகொண்டு அவள் நகர்ந்தாள், கூடவே புன்னைத்துறையும் நகர்ந்தது. இந்தப் பக்கம் ஆறு அண்ணன்மாரும் கோட்டுக்கு ஒரு மயிரிழை இப்பால் வயிற்றால் படுத்துக் கையை நீட்டிக்கொண்டு, தொட முடியாமல், "வா வா வா ஏட்டி வா" என்று கத்தினார்கள். ஐந்து பேர் கத்தினார்கள், ஒருவன் விசில் ஊதினான். எங்கள் ஊர்க்காரர்களும் கத்தினார்கள். புன்னைத்துறையிலிருந்து வந்த மாமியாரும் கத்தினாள், எந்தப் பக்கத்துக்கு என்று அவளுக்கே தெரியாது.

ஏழாவது யாரு என்று வந்தது.

விரல் கோட்டைத் தொட்டது. பேரைச் சொன்னாள்.

மூலை காலியானது. எல்லோரும் பார்த்தோம், ஆனால் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயில் காலத்தில் தூரத்து மணலின் மேல் ஒன்று நெளியுமே, அது மாதிரி ஒன்று அவளோடு சேர்ந்து கோட்டைத் தாண்டி வந்து கொம்பையாவின் திறந்த வாய்க்குள் போனது. இருமினான். கொஞ்சம் செம்மண் துப்பினான். பிறகு தேரி முழுக்கக் கேட்கிற குரலில் அவன் பேசின முதல் பேச்சு:

"எரும! முட்டியப் பாரு, ரத்தம்!"

அவள் சிரித்தாள். நான் விசில் ஊதினேன். அத்தனை நாளாகக் கழுத்தில் கிடந்த விசில், அதற்குள்ளும் மணல்.

தங்கபாண்டியன் ஓடிவந்தார். "அண்ணாச்சி, பொம்பளப் புள்ள! செல்லாது. இது ஆடவர் போட்டி!"

"எங்க போட்டிருக்கு?"

"அந்தா, பேனர்ல."

"படியும்."

அவர் படித்தார். மீசை போன பிறகு நடுவில் வானம்தான் இருந்தது. "ஆட," என்றார். கழுத்தைத் திருப்பி அடுத்த கம்பத்தைப் பார்த்தார். "வர்."

"என்ன அர்த்தம்?"

"ஆடவர்..."

"சேத்துப் படிக்காதேயும். உம்ம மூஞ்சிய வச்சுப் பிரிச்சது நீரு. ஆட வர்றவங்க போட்டி. அந்தப் புள்ள ஆட வந்துது. ஆடிச்சு. நீரு வந்தீரா?"

அவர் வாயைத் திறந்தார். செலஸ்டின் நடுவில் புகுந்தான். மூக்கு, காது, தலைமுடி எல்லாம் மணல். "மொதலாளி, புடிச்சது நாங்க. எங்களுக்கே வழக்கில்ல. அந்தக் காலு மனுசக் காலே இல்ல, பனமரம்." பிறகு என்னிடம், "அப்ப இவனுக ரெண்டு பேரும் அவுட்டுதானே?"

"அவுட்டு."

தொடப்பட்ட இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அவுட் ஆனதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆட்டக்காரனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "மருமவனே, நாளைக்குக் கடலுக்குப் போரும்," என்றாள் மாமியார்.

கோப்பையைக் கொடுத்தார்கள். ஆட்டுக்குட்டி உயரப் பித்தளை. அதில் பதநீர் ஊற்றிப் பதினாலு பேரும் குடித்தார்கள். முதல் வாய் சண்முகக்கனிக்கு. குடித்துவிட்டு, "இத வெளக்கப்போறது யாரு? நாந்தானா?" என்றாள்.

மறுநாள் கள்ளிவிளையில் அத்தனை பேர் அடுப்பிலும் பாகு அடிப்பிடித்தது. களம் அவ்வளவு அமைதி. மூலையைச் சுற்றி ஆடுகள் இன்னமும் வட்டமாகத்தான் போயின. புன்னைத்துறைக்காரர்கள் பழக்கத்தில் மினிபஸ் ஏறி வந்துவிட்டார்கள். வந்த பிறகுதான் ஆட்டம் முடிந்தது ஞாபகம் வந்தது, சரி வந்தது வந்தோம் என்று புதிதாக ஒன்று ஆடினார்கள், இந்தத் தடவை அவர்கள் ஊரிலிருந்து இரண்டு தங்கச்சிமாரும் சேர்ந்து. பாகு காய்ச்சுகிறவர்கள் வேறு வழியில்லாமல் பாட்டைத் தாங்களே பாடக் கற்றுக்கொண்டார்கள். தொட்டில் ஆட்டுகிறவர்களும். இப்போது கள்ளிவிளைக்கு எந்த வழியாக வந்தாலும் அது உங்கள் காதில் விழும். தேரிமுனையில் பஸ் நின்றதும் கொம்பையா படியில் தொங்கிக்கொண்டு முதல் ஆறு வரியையும் பாடுவான். கேள்வி வரும்போது நிறுத்திவிடுவான். அவள் அப்புறம் புதிதாய்க் கட்டிச் சேர்த்த மீதியை பஸ் மொத்தமும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விசில் ஊத மாட்டான், வண்டி நகராது. எனக்கு அவசர வேலை இருந்தாலும் நானும் சொல்லித்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஏழாவது யாரு, ஏழாவது யாரு,
எட்டி நின்னு பாக்காத, கிட்ட வந்து கேட்டுக்கோ,
காஞ்ச மணல்மேல வெறுங்கால் போட்டுவந்து
போன பாட்டக் கைபுடிச்சுக் கூட்டிவந்த புள்ள யாரு —

வெயிலுகந்தாள்.